வீட்டு மேசையில் ஒரு தக்காணப் போர்க்களம்: மினியேச்சர் போர் விளையாட்டுக்கு முழுமையான வழிகாட்டி

மினியேச்சர் போர் விளையாட்டுக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் வீரர்களிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு பெட்டி பொம்மை வீரர்களை வாங்கி, மாதக்கணக்கில் வர்ணம் தீட்டி, கடைசியில் இரண்டு புத்தகங்களைக் குன்று என்று வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆட்டம் சப்பென்று முடிகிறது. பெட்டி அலமாரிக்குப் போய்விடுகிறது.

நான் சொல்லும் வழி நேர்மாறானது. முதலில் நிலத்தைச் செய்யுங்கள், வீரர்கள் பிறகு வரட்டும். இந்த விளையாட்டில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் நிலம்தான் தீர்மானிக்கிறது. அந்த நிலம் நம் நிலமாக இருக்கட்டும். பயிற்சி வீடியோக்களில் வரும் பசும்புல் மேடுகளும் இங்கிலாந்து வேலிகளும் நமக்கு எதற்கு? பெங்களூருவில் இருக்கிறோம். செம்மண், உருண்ட கருங்கல் பாறை, ஏரிக்கரை, முள்வேலி, தென்னந்தோப்பு எல்லாம் இங்கேயே இருக்கின்றன. போதாததற்கு, 1791-இல் திப்புவின் கையிலிருந்த இந்த ஊரைப் பிடிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஒரு பெரும் முற்றுகையே நடத்தியிருக்கிறது.

விளையாட்டும் அளவும்

கட்டம் போட்ட பலகை கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு படை. எவ்வளவு தூரம் நகரலாம், சுடலாம் என்பதை இஞ்ச் டேப்பால் அளக்கிறோம். குண்டு பட்டதா என்பதைப் பகடை சொல்கிறது. பிரஷ்ய ராணுவம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர இப்படியொரு விளையாட்டைப் பயன்படுத்தியது. வீட்டுத் தரையில் பொம்மை வீரர்களை வைத்து ஆடுவதற்கான விதிகளை 1913-இல் எச்.ஜி. வெல்ஸ் அச்சிட்டு வெளியிட்டார்.

வீரர்களின் அளவில் மூன்று வகைகள் அதிகம் புழங்குகின்றன. 28 மி.மீ. உயரமுள்ளவை பார்க்க அழகு, ஆனால் விலையும் இடமும் அதிகம். 15 மி.மீ. வகை சின்ன மேசைக்குப் பொருந்தும், ஆனால் முகம் தீட்டக் கண் வலிக்கும். நடுவில் 1/72 அளவு: வீரர் ஏறக்குறைய 24 மி.மீ. உயரம், ஒரே பெட்டியில் பல வீரர்கள் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறார்கள். தொடங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இந்த மூன்றாவதைத்தான். கீழே வரும் அளவுகள் எல்லாம் அதற்கானவை.

ஒன்றைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஆளின் அளவும் நிலத்தின் அளவும் ஒன்றாக இருக்காது. 1/72 கணக்கில் 100 மீட்டர் தூரம் மேசையில் கிட்டத்தட்ட 139 செ.மீ. வரும். அந்தக் காலத் துப்பாக்கியின் பயனுள்ள வீச்சே அவ்வளவுதான். அப்படியே வைத்தால் மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுடலாம், நகர்வதற்கே வேலை இருக்காது. அதனால் விதிகள் தூரத்தைச் சுருக்கிக்கொள்கின்றன. நீங்கள் செய்யும் ஒரு வீடு ஒரு தெருவுக்குச் சமம், நான்கு மரம் ஒரு தோப்புக்குச் சமம். இதைப் புரிந்துகொண்டால் சின்ன மேசை ஒரு குறையாகவே தெரியாது.

பலகை

பிளைவுட் கடையில் ஒரு ஷீட் என்பது 8 அடிக்கு 4 அடி. அதை 2 அடிச் சதுரங்களாக அறுத்தால் எட்டுத் துண்டுகள் வரும். உங்களுக்குத் தேவை நான்கு: சேர்த்து வைத்தால் 4 அடிக்கு 4 அடிக் களம். அரை ஷீட்டாகத் தரும் கடையாகப் பாருங்கள், அல்லது நண்பரோடு பாதி பாதியாகப் பங்கிடுங்கள். 6 மி.மீ. தடிமன் போதும். கடையிலேயே அறுத்து வாங்கிவிடுங்கள், வீட்டில் ரம்பத்தால் அறுத்தால் விளிம்பு நேராக வராது. 2 அடித் துண்டு என்பதற்குக் காரணம் உண்டு. அடுக்குமாடி லிஃப்டில் ஏறும், கட்டிலுக்கு அடியில் படுக்கும், இடம் மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு முறையும் வேறு களம் கிடைக்கும். அதனால் பாதை வரையும்போது எல்லாத் துண்டுகளிலும் விளிம்பின் நடுவிலேயே முடியும்படி வரையுங்கள். எப்படித் திருப்பினாலும் பாதை பாதையோடு சேரும்.

அறுத்த விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பக்கமும் பெயின்ட் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் பலகை வளைந்துவிடும்.

பொருட்கள் எங்கே கிடைக்கும்

இந்த ஊரில் இதற்கு அலைய வேண்டியதில்லை. கட்டர், டேப், சின்ன இரும்புச் சாமான்கள், தெர்மோகோல் அறுக்கும் சூட்டுக் கம்பிக்கான நிக்ரோம் கம்பி ஆகியவற்றுக்கு எஸ்.பி. ரோடு. தடித்த அட்டைக்கும் தாளுக்கும் அவென்யூ ரோடு. மரத்தூள் வேண்டுமென்றால் பக்கத்து மரக்கடையில் ஒரு பை கேளுங்கள். ஃபெவிகால், எம்-சீல், சுவருக்குப் பட்டி பார்க்கும் மாவு, அக்ரிலிக் பெயின்ட் எல்லாம் தெருமுனைக் கடையிலேயே உண்டு.

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடு என்றால் பாதிப் பொருள் பரணில் இருக்கும். கொலுப் பூங்காவுக்குச் செய்த தெர்மோகோல் மலையையும் சின்ன மரங்களையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மலை செய்யும் கையும் அங்கேயே இருக்கும், அவர்களையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோகோலில் இரண்டு எச்சரிக்கைகள். ஸ்ப்ரே பெயின்ட், தின்னர் கலந்த பெயின்ட், ரப்பர் வாடை வீசும் பசை ஆகியவை அதைக் கரைத்துவிடும். தண்ணீரில் கரையும் ஃபெவிகாலும் அக்ரிலிக்கும் மட்டுமே நேரடியாகப் படலாம். சூட்டுக் கம்பியால் அறுக்கும்போது வரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ முகக்கவசத்தோடு செய்யுங்கள்.

மண்

செம்மண்ணைக் கடையில் தேட வேண்டாம். காலி மனையிலிருந்து ஒரு டப்பா எடுத்து, மாவுச் சல்லடையில் சலித்து, பழைய இரும்புச் சட்டியில் ஈரம் போகும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். பூச்சியும் வேர்த்துணுக்கும் அதோடு போய்விடும். பலகையில் ஃபெவிகாலை அகலப் பிரஷால் பூசி, மண்ணைத் தாராளமாகத் தூவி, ஓர் இரவு விட்டு, ஒட்டாததைத் தட்டி எடுங்கள்.

இதோடு விட்டால் நாலு ஆட்டத்தில் மண் உதிர்ந்துவிடும். ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு நான்கு பங்கு தண்ணீர், அதில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு. இந்தக் கலவையை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி மண்மேல் தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் மண்மேல் முத்து முத்தாக நிற்கும், சோப்பு கலந்தால் உள்ளே இறங்கும். காய்ந்தபின் மண் கல்லாகப் பிடித்துக்கொள்ளும்.

உண்மையான செம்மண்ணாக இருந்தாலும் பெயின்ட் அடிக்க வேண்டும். பசை பட்ட மண் கறுத்துவிடும், மேசை விளக்கில் சேறு போலத் தெரியும். செங்காவியும் பழுப்பும் கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்தபின், வெளிர் ஆரஞ்சு நிறத்தைப் பிரஷில் தொட்டு, பழந்துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் நிறத்தால் மேலோட்டமாகத் தடவுங்கள். மணலின் முனைகள் மட்டும் வெளுக்கும். இந்த உலர்பிரஷ் முறை ஒன்றைக் கற்றுக்கொண்டால் நிலக்காட்சி வேலையில் பாதி கற்றதாக அர்த்தம்.

மழைக்காலத்தில் எல்லாமே காய நேரமெடுக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த ஊர் வெயில் இந்த வேலைக்கென்றே வாய்த்தது.

பாறை

களத்துக்கு முகம் தருவது பாறைதான். அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். செய்வதற்கு முன் ஒரு காலை லால்பாக் போங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழமையானது, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அதன் பக்கத்தில் உட்கார்ந்து நிறத்தைப் பாருங்கள். தூரத்தில் சாம்பல் என்று தோன்றுவது கிட்டத்தில் சாம்பலே இல்லை. இளஞ்சிவப்பும் மங்கிய பழுப்பும் வரிவரியாக ஓடுகின்றன. மழைநீர் வழிந்த தடங்களில் கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. நம் பாறையை மற்ற ஊர்ப் பாறையிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கறுப்புக் கோடுகள்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள்: கூர்முனையே இல்லை. வெயிலும் மழையும் தேய்த்துத் தேய்த்து எல்லாம் உருண்டிருக்கின்றன. கட்டட வேலைக்கு வரும் ஜல்லியை அப்படியே ஒட்டினால் பொருந்தாமல் போவது இதனால்தான். அது உடைத்த கல், முனைகள் கூராக இருக்கும். பொம்மையின்மேல் விழுந்தால் பெயின்டையும் பெயர்த்துவிடும்.

செய்முறை இது. தடித்த தெர்மோகோலைக் கத்தியால் வெட்டாமல் கையால் உடையுங்கள். பிறகு உப்புத்தாளால் உருட்டித் தேயுங்கள். சாதாரணத் தெர்மோகோல் மணிமணியாக உதிரும். அதற்கு மருந்து, செய்தித்தாளைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து மேலே ஒட்டுவது. காய்ந்தபின் பட்டி மாவைத் தயிர்ப் பதத்தில் குழைத்து ஒரு மெல்லிய பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே, கசக்கிய அலுமினியத் தாளால் ஒற்றி எடுங்கள். கருங்கல்லின் சொரசொரப்பு அப்படியே வந்துவிடும்.

நிறம் கறுத்த சாம்பலில் தொடங்கட்டும். அதன்மேல் நடுத்தரச் சாம்பலில் துளி பழுப்பும் துளி சிவப்பும் கலந்து ஸ்பாஞ்சால் அங்கங்கே ஒற்றுங்கள். சீராக வர வேண்டாம், திட்டுத் திட்டாக வருவதுதான் சரி. பிறகு வெளிர் சாம்பலில் உலர்பிரஷ். கடைசியாகக் கறுப்பை மிக நீர்க்கக் கரைத்து, பாறையின் உச்சியில் ஒரு சொட்டு வைத்து, தானாக வழிய விடுங்கள். கோட்டைக் கையால் வரைந்தால் வரைந்ததாகவே தெரியும். வழிந்த கோடு மழை போட்ட கோடாக இருக்கும்.

பாறைகளைத் தனித்தனியாக இறைக்காமல் மூன்று நான்காகச் சேர்த்து, ஒழுங்கற்ற வடிவில் வெட்டிய அட்டை அடித்தளத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் வீரர்கள் நிற்க ஒரு தட்டையான இடம் இருக்கட்டும். வீரரை நிறுத்த முடியாத குன்று கண்ணுக்கு மட்டும்தான் விருந்து.

ஏரிக்கரை

ஒரே ஒரு பொருள்தான் செய்ய நேரம் என்றால் ஏரிக்கரையைச் செய்யுங்கள். ஒரு கரை இருந்தால் அது மதில், மேடு, சாலை மூன்றுமாக உதவும். பின்னால் பதுங்கலாம், மேலே ஏறிச் சுடலாம், அதன் மேற்பரப்பில் படை நடத்தலாம். தக்காணப் போர்க்களத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

40 மி.மீ. உயரம் வையுங்கள். 1/72 கணக்கில் அது ஏறக்குறைய 2.9 மீட்டர், வீரர் முழுக்க மறைவார். ஒரு அடி நீளத் துண்டுகளாக நான்கு செய்யுங்கள், அதில் ஒன்று வளைவாக. மேற்பரப்பு 30 மி.மீ. அகலம் இருந்தால் 25 மி.மீ. அடித்தளம் கொண்ட வீரர் தடுமாறாமல் நிற்பார். இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்கக் கூடாது. தண்ணீர்ப் பக்கம் செங்குத்தாகவும் கல் பாவியும் இருக்க வேண்டும், வயல் பக்கம் நீண்டு சரிந்த மண்ணாக இருக்க வேண்டும். கல்லுக்கு முட்டை வரும் காகிதத் தட்டைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, முனையைக் கிள்ளி, வரிசையாக ஒட்டுங்கள். காகிதக் கூழின் சொரசொரப்பு கல்லுக்குக் கன கச்சிதம். ஒரு துண்டில் இரண்டு குச்சிகள் நிறுத்தி, மேலே ஒரு குறுக்குக் கல் வைத்தால் மதகு ஆயிற்று.

தண்ணீருக்கு நீலம் வேண்டாம். நம் ஏரி பச்சை கலந்த பழுப்பு, ஓரத்தில் வெளிர், நடுவில் கறுப்பு. அப்படித் தீட்டி, பளபள வார்னிஷ் மூன்று நான்கு பூச்சு கொடுங்கள், ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்தபின். எபாக்சி ரெசின் ஊற்ற ஆசையிருந்தால் மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள். தடியாக ஊற்றினால் இறுகும்போது வரும் சூடு தெர்மோகோலை இளக்கிவிடும்.

வேலி, வீடு, மரம்

முள்வேலிக்கு ஐஸ்கிரீம் குச்சி அடித்தளம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டுதல், இடையிடையே தேங்காய் நார், மேலே பழுப்பு உலர்பிரஷ். ஒரு மாலையில் இருபது செய்துவிடலாம். மூங்கில் தட்டிக்கு எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள். வீட்டுச் சுவர் அட்டை, அதன்மேல் பட்டி மாவு. கூரைக்குச் சணல் இழைகளை ஒரே நீளமாக வெட்டி, கீழிருந்து மேலாக அடுக்குங்கள், உண்மையான கூரை வேய்வதும் அப்படித்தான். கூரையைச் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள். எடுத்தால்தான் உள்ளே வீரர்களை வைக்கலாம். தென்னைக்கு மூங்கில் குச்சியில் கயிறு சுற்றி, பச்சைத் தாளை மடித்து ஓரத்தைக் கத்தரித்தால் மட்டை. கழுத்தைக் கொஞ்சம் வளையுங்கள், நேராக நிற்கும் தென்னை விளக்குக் கம்பம் போல இருக்கும்.

பத்திரப்படுத்துவது பற்றி ஒரு வார்த்தை. அட்டையையும் காகிதத்தையும் பூச்சி அரிக்கும் என்று பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி தெர்மோகோலைக் கெடுக்கும். காய்ந்த வேப்பிலை போதும்.

வீரர்கள்

முதல் படையைக் காகிதத்தில் செய்யுங்கள். முன்னும் பின்னுமாகப் படம் வரைந்தோ அச்சிட்டோ, தடித்த தாளில் ஒட்டி வெட்டி, அட்டை வட்டத்தில் நிறுத்துங்கள். 25 மி.மீ. வட்டம் வேண்டுமென்றால் 2011-இல் வந்த வகை இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்து வரையலாம், விட்டம் அதுவேதான். ஓர் அணிக்கு எட்டுப் பேர், ஒரு பக்கத்துக்கு ஆறு அணி. விளையாட்டு பிடித்துப்போனபின் பிளாஸ்டிக் வாங்குங்கள். வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் கழுவி, அடிப்பூச்சு கொடுத்தபின் பெயின்ட் அடியுங்கள். கழுவாத பிளாஸ்டிக்கில் பெயின்ட் உரியும்.

திப்புவின் நிலையான காலாட்படைக்கு ஊதாச் சட்டை, அதில் வெள்ளை நிறத்தில் புலிவரி. 24 மி.மீ. ஆளுக்கு அந்த வரியை முழுக்க வரையத் தேவையில்லை, சட்டையில் வெள்ளைப் புள்ளிகளைச் சாய்வாக வைத்தால் போதும். எதிரே கம்பெனிப் படையின் சிவப்புச் சட்டை. அந்தச் சிவப்புச் சட்டைக்குள் இருந்தவர்களில் பலர் தமிழும் தெலுங்கும் பேசிய சென்னை ராணுவச் சிப்பாய்கள். அல்சூரில் இன்றும் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் தன் தொடக்கத்தை 1780-இல் அமைந்த படைப்பிரிவுகளில் காண்கிறது. அதனால் இரண்டு பக்க வீரர்களுக்கும் ஒரே அக்கறையோடு வர்ணம் தீட்டுங்கள்.

விதிகள்

பெரிய விதிப்புத்தகத்தைப் பிறகு படிக்கலாம். முதலில் இவை போதும்.

சீட்டுக்கட்டிலிருந்து ஒரு பக்கத்தின் அணிகளுக்குச் சிவப்பும் மறுபக்கத்துக்குக் கறுப்பும், அணிக்கு ஒரு சீட்டு. கலைத்து வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். சிவப்பு வந்தால் சிவப்புக்காரர் ஓர் அணியை நகர்த்துவார் அல்லது சுடுவார். அடுத்து யார் முறை என்று தெரியாததால் இருவரும் கடைசிவரை மேசையைவிட்டு எழ மாட்டார்கள்.

காலாட்படை நகர்வது 6 அங்குலம், குதிரைப்படை 12, ஆட்கள் இழுக்கும் பீரங்கி 3. வேலியைக் கடக்க ஒரு முழு நகர்வு. துப்பாக்கியின் வீச்சு 12 அங்குலம், பீரங்கிக்கு 30. சுடும்போது ஆளுக்கு ஒரு பகடை, பீரங்கிக்கு நான்கு. வெட்டவெளியில் நிற்பவர்மேல் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குண்டு பட்டது. வேலி, தோப்பு என்றால் 5. கரை, மதில் என்றால் 6 மட்டுமே.

இப்போது கணக்குப் பாருங்கள். கரைக்குப் பின்னால் எட்டுப் பேர், வெட்டவெளியில் பன்னிரண்டு பேர். எட்டுப் பேர் சுட்டால் சராசரியாக நால்வர் விழுவார்கள். பன்னிரண்டு பேர் திருப்பிச் சுட்டால் இரண்டு பேர்தான். நிலத்தை முதலில் செய்யச் சொன்னதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

கைகலப்பில் ஆளுக்கு ஒரு பகடை, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெட்டு, பாய்ந்து வந்தவருக்கு இரண்டு பகடை கூடுதல். அதிகம் இழந்தவர் 6 அங்குலம் பின்வாங்க வேண்டும். பாதி ஆட்களை இழந்த அணி, தன் முறை வரும்போதெல்லாம் இரண்டு பகடை உருட்டி 7 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். 36-இல் 21 வாய்ப்பு. தவறினால் 6 அங்குலம் பின்னோக்கி ஓடும்.

மைசூர் ராக்கெட்டுக்குத் தனி விதி. இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மூங்கிலில் கட்டிய அந்த ஆயுதம் பாய்வது நிச்சயம், போய்ச் சேரும் இடம் நிச்சயமில்லை. ஒரு பென்சிலைத் திசை காட்டி வையுங்கள். ஒரு பகடை: 1 என்றால் இடப்பக்கம் 45 பாகை விலகும், 6 என்றால் வலப்பக்கம், மற்றவை நேர். பிறகு நான்கு பகடை உருட்டினால் வரும் கூட்டுத்தொகைதான் தூரம், அங்குலத்தில். விழுந்த இடத்திலிருந்து 2 அங்குலத்துக்குள் இருக்கும் எந்த அணியும், சொந்த அணி உட்பட, உடனே 7 போட வேண்டும். குதிரைப்படை 9 போட வேண்டும், குதிரைகள் மிரளும்.

களம் அடுக்குவதிலும் நியாயம் வேண்டும். ஒருவர் அடுக்கட்டும், மற்றவர் எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுக்கட்டும். மேசையின் மூன்றில் ஒரு பங்கு பாறையும் கரையும் தோப்புமாக நிறையட்டும். விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குத் தடையில்லாத பார்வை எங்கேயாவது இருந்தால் அங்கே இன்னொரு பாறையை வையுங்கள்.

முதல் ஆட்டம்: பேட்டை வாசல், 7 மார்ச் 1791

கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் படை 1791 மார்ச் 5 அன்று பெங்களூருவை வந்தடைந்தது. 7-ஆம் தேதி, அகழியும் முள்வேலியும் சூழ்ந்த பேட்டையை, அதாவது கோட்டைக்கு வெளியே இருந்த ஊரை, தாக்கியது. வாசலில் நடந்த சண்டையில் பீரங்கிப் படையின் லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸ் உயிரிழந்தார். பேட்டை விழுந்தபின் திப்பு அதை மீட்கப் படையனுப்பினார், தெருக்களில் கைகலப்பு நடந்தது, மீட்க முடியவில்லை. கோட்டை மார்ச் 21 இரவுத் தாக்குதலில் வீழ்ந்தது. கோட்டைத் தளபதி பகதூர் கான் போரிட்டு மடிந்தார். அந்தக் கோட்டையின் டெல்லி வாசல் கே.ஆர். மார்க்கெட் அருகே இன்னும் நிற்கிறது. மதில் செய்வதற்கு முன் அதைப் போய்ப் பாருங்கள்.

மேசையின் ஒரு விளிம்பிலிருந்து 16 அங்குலம் உள்ளே அட்டை மதில், நடுவில் வாசல். மதிலுக்கு வெளியே வேலி இரண்டு வரிசை. உள்ளே வீடுகள் நெருக்கமாக, இடையே இரண்டு அணிகள் மட்டும் நடக்கும் சந்து. ஒரு பக்கத்தில் ஏரிக்கரை, மறுபக்கத்தில் பாறைக் கூட்டம்.

தாக்குபவருக்கு ஆறு காலாட்படை அணிகளும் இரண்டு பீரங்கிகளும். காப்பவருக்கு மதிலில் மூன்று அணிகளும் ஒரு ராக்கெட் குழுவும். வாசலைப் பீரங்கியால் உடைக்க வேண்டும்: மொத்தம் ஆறு முறை 6 விழ வேண்டும். நான்காவது சுற்றில் (எல்லாச் சீட்டும் ஒருமுறை தீர்ந்தால் ஒரு சுற்று) காப்பவருக்கு மேலும் மூன்று அணிகள், பேட்டைக்குப் பின்பக்க விளிம்பிலிருந்து வரும். எட்டாவது சுற்று முடியும்போது நடு வீட்டுக்கு 6 அங்குலத்துக்குள் யாருடைய அணிகள் அதிகமோ அவருக்கு வெற்றி. காபி குடித்துவிட்டுப் பக்கம் மாற்றி மறுபடி ஆடுங்கள். மதிலுக்கு உள்ளே நிற்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் ஒரே மேசை இரண்டு களமாகத் தெரியும். அடுத்த வாரம் எந்தப் பாறையை நகர்த்த வேண்டும் என்பது அந்த இரண்டாம் ஆட்டத்தில்தான் தெரியவரும்.